முன்கூட்டிச் சொன்ன சாட்சி

ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "காலை 6.10க்கு இருமல். சளி இல்லை. சாரல் தொடங்கிவிட்டதால் இருக்கும்."

தென்காசியில் இருக்கிற யாரும் இந்தக் கடைசி வரியை நம்புவார்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் இங்கே பாதி ஊர் இருமும். ஈரக் காற்று, காயாத துணி, சன்னலோரத் தலையணை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. நானும் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்துக்கொண்டு ஐந்து வாரங்களை ஓட்டினேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பத்திரம் எழுதுவது தொழில். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறு அறையில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். மனைவி கிரேஸ் இலத்தூரில் பள்ளி ஆசிரியை. மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். ஞாயிறு ஆராதனையும் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவும் நான் தவறவிட்டதில்லை. இவ்வளவு சொன்னால் போதும்.

ஜூலையில் மாலைக் காய்ச்சல் சேர்ந்துகொண்டது. ஐந்தரைக்கு ஏறும், எட்டரைக்கு இறங்கும். எடை அறுபத்தேழிலிருந்து அறுபத்தொன்றுக்கு வந்தது. மூன்றாவது வாரம் ஒரு கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையை வாசித்துக்காட்டிக் கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கைக்குட்டையில் மிளகு அளவு ஒரு சிவப்புப் புள்ளி. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வடக்கு எல்லையிலிருந்து மறுபடியும் வாசித்தேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, வெட்டவெளியில் போய் நின்று ஆழமாக இருமிச் சளியை எடுத்துவரச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் என்னைப்போல் நான்கு பேர் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

காசநோய் (காற்றின் வழியே பரவி நுரையீரலை அரிக்கும் தொற்று). வலது நுரையீரலின் மேல்பகுதி. மருத்துவர் என் மகளைவிடச் சில வயதே மூத்த பெண். படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"பயப்படாதீங்க சார், முழுசா குணமாகிற நோய்தான். ஆறு மாசம் தினமும் மாத்திரை. ரெண்டாவது மாசம் நல்லாயிட்ட மாதிரி தோணும். அப்பதான் எல்லாரும் விடுவாங்க. நீங்க விடாதீங்க."

"நான் எதையும் விடுதவன் இல்ல, டாக்டர்" என்றேன். அது பெருமையாகவே வாயிலிருந்து வந்தது.

காலையில் வெறும் வயிற்றில் நான்கு கூட்டு மாத்திரைகள் (நான்கு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்தவை). முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. குமட்டல் பத்து மணிவரை இருந்தது. நாட்குறிப்பில் ஒரு கட்டம் போட்டு, விழுங்கியதும் குறி போட்டேன். கிரேஸுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. செல்வி என்ற சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை போன் செய்தார்.

ஜெபக்குழுவில் தாசன் அண்ணாச்சியிடம் மட்டும் நோயின் பெயரைச் சொன்னேன். குழுவை நடத்துபவர் அவர். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். முதல் இரண்டு வாரம் யாரும் வரவேண்டாம் என்றேன். அவர் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சன்னல் வழியாக எனக்காக ஜெபித்துவிட்டுப் போனார். பின்னால் நடந்ததை வைத்து அவரைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. காய்ச்சல் நின்று ஏழு வாரமாகியிருந்தது. எடை அறுபத்தைந்து. பசி என்றால் அப்படி ஒரு பசி. பரோட்டாக் கடையைத் தாண்டிப்போக முடியவில்லை.

"இன்னும் நாலு மாசம், நினைவிருக்கட்டும்" என்றார் மருத்துவர்.

ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் எங்கள் பக்கத்து ஜெபக்குழுக்கள் எல்லாம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் ஒருநாள் கூடுவோம். பாட்டு, பிரசங்கம், மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு, அதற்குப் பிறகு சாட்சி. கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து எல்லார் முன்னும் சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். அந்த வருடம் ஐந்து பேர் பட்டியலில் நான் மூன்றாவது.

என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். 'நோய் குறைந்து வருகிறது. சிகிச்சை தொடர்கிறது. ஜெபித்தவர்களுக்கு நன்றி.' மூன்று வாக்கியங்கள்தான்.

தாசன் அண்ணாச்சி ஒலிவாங்கியைப் பிடித்து என்னை அறிமுகப்படுத்தினார். "நம்ம ஞானதுரை தம்பிய டாக்டர்மாரு கைய விரிச்சுட்டாங்க. இன்னைக்கு பாருங்க, எப்படி நிக்காருன்னு!"

எந்த மருத்துவரும் கையை விரிக்கவில்லை. நான் திருத்தவில்லை. மேடையில் நின்றுகொண்டு ஒரு மூத்தவரைத் திருத்துவது மரியாதையாகப் படவில்லை.

தாளைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன். கூட்டம் பேசாமல் இருந்தது. பின் வரிசையில் ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் எழுந்து வெளியே போனாள். நூற்றைம்பது முகங்கள் இன்னும் ஏதோ எதிர்பார்த்தன. தாளைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"எனக்கு முழுச் சுகம் கிடைச்சிருக்கு. இனி எனக்கு மாத்திரை தேவையில்லை" என்றேன்.

அல்லேலூயா என்று மண்டபம் எழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைத்தான் நான் விசுவாசம் என்று எண்ணிக்கொண்டேன். மூலப் பத்திரத்தில் இல்லாத ஒரு சொல்லை இருபத்தாறு வருடத்தில் எழுதாதவன், அன்றைக்கு இரண்டு வாக்கியங்களைப் புதிதாகச் சேர்த்தேன்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அருகில் வந்தாள். எங்கள் குழுவைச் சேர்ந்தவள். முப்பத்து நான்கு வயது, இலத்தூரில் ஜாக்கெட் தைப்பவள். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணாச்சி, மாத்திரைய நெசமாவே நிறுத்திட்டீங்களா?"

"ஆமாம்மா."

"பயமா இல்லியா?"

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றேன். அன்று காலைதான் நான்கு மாத்திரைகளை விழுங்கியிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விழுங்கினால் நேற்று நூற்றைம்பது பேர் முன் சொன்னது பொய். விழுங்காவிட்டால் மெய். அவ்வளவு எளிதாக இருந்தது கணக்கு.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாத்திரையை நிறுத்தினேன். பலரும் நம்பிக்கை மிகுந்துபோய் மருந்தை விட்டுவிடுவதாக நினைக்கிறார்கள். என் விஷயத்தில் அப்படி இல்லை. வெட்கம்தான் என்னை நிறுத்த வைத்தது, நம்பிக்கை என்ற பெயரை அதற்குப் பிறகு வைத்தேன்.

வேலை நாட்களில் கிரேஸ் ஏழே முக்காலுக்குப் பேருந்துக்குப் போவாள். அதன் பிறகு மாத்திரைகளைப் பழைய தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். விடுமுறை நாட்களில் அவள் எதிரே நிற்பாள். அன்றெல்லாம் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, குளியலறையில் போய்த் துப்பினேன். செல்வி போன் செய்தால் "எடுத்துக்கிட்டு இருக்கேன்மா" என்பேன். நாட்குறிப்பில் பொய் எழுத மனம் வரவில்லை. அதனால் கட்டம் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். மழை பெய்த மறுவாரம் பாறை மேல் கூடப் பச்சை தெரியும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் அங்கே மண் கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம் இருமல் வந்தது. இந்த முறை காரணம் எழுதவில்லை.

இருமலை மறைப்பது ஒரு முழுநேர வேலை. வாயில் கிராம்பு போட்டுக்கொண்டேன். ஆராதனையில் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன். பிரசங்கம் இருபத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடம் தாங்கும். பிறகு தொண்டையில் எறும்பு ஊர்வதுபோல் வரும். நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டு, போதகர் குரலை உயர்த்தும் இடத்துக்காகக் காத்திருந்து, அந்தச் சத்தத்தில் செருமிக்கொள்வேன். என்ன பிரசங்கித்தார் என்பது ஒரு வாரமும் நினைவில் இல்லை.

"என்ன தம்பி, கடைசியில போய் உக்காருதீய? முன்னால வாங்க. நீங்க சாட்சி சொன்ன ஆளுல்லா" என்றார் தாசன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைகளில் பதினொரு பேர் ஒரு சிறிய அறையில் சன்னலை மூடி உட்கார்ந்திருந்தோம். மழைச் சாரல் உள்ளே அடிக்கிறது என்று மூடியவன் நான்தான். ஈரக் காற்று பட்டால் எனக்கு இருமல் கிளம்பிவிடுமே என்பதுதான் உண்மையான காரணம். இந்த வரியை எழுத எனக்கு நாலைந்து நாள் ஆனது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்தச் செய்தி வந்தது. எஸ்தருக்கு அடுப்படியில் வலிப்பு வந்திருக்கிறது. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொதிக்கும் எண்ணெய் வலது கையில், முழங்கைவரை.

சனிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். அவள் கணவர் கொத்தனார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"மாத்திரைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, அண்ணாச்சி. ஒண்ணும் வரல. சரி, நமக்கும் சுகந்தான்னு இருந்தேன்." கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தேற்றுவதுபோல் சொன்னாள். "உங்க அளவுக்கு எனக்கு விசுவாசம் காணாது போல."

எனக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நடைவழிக்கு ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினேன். கைக்குட்டையில் இந்த முறை புள்ளி இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்தேன். கிரேஸ் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை அவள் முன் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன நாளு?"

"எழுபத்தாறு."

"லீவு நாள்ல என் முன்னாலதான வாயில போட்டீங்க?"

"துப்பிட்டேன்."

அவள் எழுந்தாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு சன்னலாகத் திறந்தாள். எனக்கு ஒரு முகக்கவசத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு அறையின் மறுபக்கம் போய் நின்று பேசினாள்.

"கடவுள் செய்யுததுக்கு முன்னாலேயே நீங்க நோட்டீஸ் அடிச்சு ஒட்டிட்டீங்க. அவரு உங்க நோட்டீஸ்படி நடக்கணும், என்ன?"

"கிரேஸ்..."

"நம்ம மொதப் பிள்ள பதினோரு நாள்ல போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழம நான் எந்திரிச்சு கோயிலுக்குப் போனேன். பால்கட்டின நெஞ்சோட ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். அன்னைக்கு யாரும் என்னக் கூப்பிட்டு ஒலிவாங்கியக் குடுக்கல. நான் அப்படிப் போய் உக்காந்ததுக்கு என்ன பேருன்னு நீங்களும் இன்னைவரைக்கும் கேக்கல."

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. நாட்குறிப்பில் 'தலைவலி' என்று எழுதியிருக்கிறேன். அவள் போனதை நான் எழுதவே இல்லை.

திங்கட்கிழமை மருத்துவர் என் அட்டையைப் புரட்டினார்.

"எத்தனை நாள் விட்டீங்க?"

"எழுபத்தொன்பது நாள் சாப்பிட்டேன். எழுபத்தெட்டு நாள் சாப்பிடல."

"எண்ணி வச்சிருக்கீங்க. முழுங்கத்தான் இல்ல."

மறுபடியும் டப்பா, வேப்பமரம். இந்த முறை பரிசோதனை மருந்து எதிர்ப்புக்காக (பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிப்போய், பிறகு அதே மருந்தால் சாகாமல் இருப்பது). எதிர்ப்பு வந்திருந்தால் சிகிச்சை நீளும், மருந்துகள் கடுமையாகும், பிழைப்பதும் அவ்வளவு உறுதியில்லை என்றார். அதைவிடப் பெரிதாக இன்னொன்று சொன்னார்.

"இருமல் திரும்பினதுல இருந்து யார் கூட எல்லாம் மூடின அறையில இருந்தீங்களோ, அத்தனை பேரையும் பரிசோதிக்கணும். உங்ககிட்ட இருந்து போயிருந்தா, உங்ககிட்ட இருக்கிற அதே கிருமிதான் போயிருக்கும்."

முடிவு புதன்கிழமை வரும் என்றார்கள்.

அந்த இரண்டு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும். இதே இடத்தில் காத்திருக்கிறவர்கள் இதைப் படிக்கலாம்.

கிரேஸ் முன்னறையில் படுத்தாள். நான் பின்னறையில், சன்னல்கள் திறந்தபடி. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டுவாள். நான் முழங்காலிட்டேன். வார்த்தைகள் வந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே வடிவத்தில்தான் வந்தன: மருந்து வேலை செய்யும் என்று முடிவு வரட்டும், நான் எழுந்து எல்லார் முன்னும் உண்மையைச் சொல்கிறேன். மூன்றாவது தடவை ஜெபித்தபோது அது என்ன என்று புரிந்தது. இதுவும் ஒரு ஒப்பந்தம். முடிவு நல்லதாக வந்தால் சொல்வேன் என்றால், கெட்டதாக வந்தால்? குற்றாலத்து மேடையில் நின்ற அதே ஆள்தான் இங்கே முழங்காலிட்டிருக்கிறான். தனக்குச் சாதகமாக இருக்கும்வரை நிற்பவன்.

என் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. பதிவான பத்திரத்தில் ஒரு சர்வே எண் தப்பாகிவிட்டால் அடித்து எழுத முடியாது. எழுதிக்கொடுத்தவரே மறுபடி அலுவலகத்துக்கு வந்து, சாட்சிகள் முன்னால், பிழைதிருத்தல் பத்திரம் பதிய வேண்டும். நூற்றுக்கணக்கில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். நிலத்தின் விலை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு யாரும் பிழை திருத்துவதில்லை. பிழை இருந்தால் திருத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, முடிவு வருவதற்கு ஒரு நாள் முன்னால், போனை எடுத்தேன். முதலில் எஸ்தர்.

"நான் பொய் சொன்னேம்மா. குற்றாலத்துல அன்னைக்குக் காலைலயும் நான் மாத்திரை சாப்பிட்டிருந்தேன். மேடைல சொன்னதுக்கு அப்புறந்தான் நிறுத்தினேன். இப்ப எனக்கு நோய் திரும்பிட்டு. உன் விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல. என் வாய்லதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப நான் மாத்திர சாப்பிட்டா பாவமில்லயே?" என்றாள்.

"பாவமே இல்ல."

"நேத்தே ஆரம்பிச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்லுததுன்னு கெடந்தேன்."

மற்ற ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக அழைத்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது. அவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். அது திட்டைவிடக் கடினமாக இருந்தது. கடைசியாகத் தாசன் அண்ணாச்சி.

"தம்பி, அவசரப்படாதீய. இது சோதன. நோய் இருக்குன்னு வாயால அறிக்க பண்ணாதீய, அது நெலச்சுரும்."

"அறிக்கை பண்ணாமலே நெலச்சுட்டு அண்ணாச்சி. ரத்தமா வருது. நீங்களும் ஒரு எட்டு போய்ச் சளிய டெஸ்ட் பண்ணிருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"சபைல எந்திரிச்சு உண்மையச் சொல்லணும்னு இருக்கேன்."

"சாட்சியத் திரும்ப வாங்குததுக்கு ஒரு கூட்டமா? நாலு பேரு விசுவாசம் அத்துப்போகும்வே! உம்ம மானத்த விடும், அவரு நாமம் என்னாகும்?" தம்பி என்பது போய், கோபத்தில் வரும் 'வே' வந்துவிட்டது. போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு முடிவு வந்தது. முக்கிய மருந்துக்குக் கிருமி இன்னும் கட்டுப்படுகிறது. பிறகு வந்த அடுத்த பரிசோதனையிலும் எதிர்ப்பு இல்லை. பழைய நாட்கள் எதுவும் கணக்கில் வராது, முதல் நாளிலிருந்து ஆறு மாதம் என்றார் மருத்துவர்.

கிரேஸிடம் சொன்னேன். "சரி" என்றாள். "சாப்பாடு வெளிய இருக்கு. ஆறிரும்."

குழுவில் பரிசோதித்துக்கொண்ட யாருக்கும் தொற்று இல்லை. கிரேஸுக்கும் இல்லை. இதை ஆசீர்வாதம் என்று நான் எங்கும் சொல்வதில்லை. இன்னொரு வீட்டில், என்னைவிட ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவரின் குழந்தைக்குத் தொற்றியிருக்கிறது. எனக்குத் தெரியும், அவர்களை அந்த வேப்பமரத்தடியில் பார்த்தேன்.

பிப்ரவரியில் சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகு, போதகரைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் ஐயர் என்று அழைப்போம். இளைஞர். கேட்டுவிட்டு, ஞாயிறு அறிவிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"சாட்சி நேரத்துல வேண்டாம். அறிவிப்பு நேரத்துல சொல்லுங்க. அசன விருந்து எப்போ, கமிட்டி எப்போன்னு சொல்லுவோம்லா, அதோட. சும்மா ஒரு தகவலா."

அது சரியான இடம் என்று எனக்கும் பட்டது. முகக்கவசத்தோடு எழுந்து, தாளைப் பார்த்து, தாளில் உள்ளதை மட்டும் வாசித்தேன். அக்டோபரில் நான் சொன்னது உண்மையில்லை. சொன்ன பிறகு மருந்தை நிறுத்தினேன். நோய் திரும்பியது. ஒருவர் என் பேச்சைக் கேட்டு மருந்தை விட்டுக் காயப்பட்டார். இப்போது சிகிச்சையில் இருக்கிறேன். யாரும் என்னைப் பார்த்து மருந்தை விட வேண்டாம். கடவுளை நம்புகிறேன். நோய் போகுமா என்று எனக்குத் தெரியாது.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தது. செயலாளர் எழுந்து, பெண்கள் ஐக்கியக் கூட்டம் ஐந்து மணிக்கு என்று வாசித்தார். உடம்பில் ஒரு சிலிர்ப்பும் இல்லை. கால் வலித்தது. உட்கார்ந்தேன்.

வெளியே வந்தபோது ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் என்னை ஓரமாக அழைத்தார். "சுகருக்கு ஊசி போடச் சொன்னாங்க. நாலு மாசமா ஜெபத்துல வச்சிருக்கேன். அந்த டாக்டரம்மா எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். எஸ்தர் வந்தாள். கையில் கட்டு இல்லை, தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. "அண்ணாச்சி, இனி உங்களுக்கு மைக்கு குடுத்தா நான் கரண்ட நிறுத்திருவேன்" என்றாள். அவள் கணவர் பின்னால் நின்றார். சிரிக்கவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை.

தாசன் அண்ணாச்சி பேசவில்லை. குழுவை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். ஏப்ரலில் மாத்திரை வாங்கப் போன ஒரு காலையில் அவரை மருத்துவமனை நடைவழியில் பார்த்தேன். கையில் அந்தச் சிறிய டப்பா. மூன்று வாரமாக இருமல் என்று பின்னால் தெரிந்தது.

"தம்பி... யார்ட்டயும் சொல்லாதீய" என்றார்.

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. வெயில்ல நிக்காதீங்க, மரத்துக்கு அங்கன நெழல் இருக்கு."

மரத்தடிவரை அவரோடு நடந்தேன். அவர் இருமும்வரை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவருக்கு நெஞ்சுச் சளிதான், காசநோய் இல்லை. அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாம் என்று பிறகு அவரே சொன்னார். "அந்த டப்பாவ மட்டும் விட்டுராதீய, அத எழுதுங்க" என்றார்.

ஜூன் இறுதியில் சிகிச்சை முடிந்தது. மருத்துவர் கடைசிப் படத்தைக் காட்டினார். வலது மேல்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு.

"இன்னும் இருக்கா?"

"நோய் இல்ல. தழும்பு. அந்த இடம் சுருங்கிப்போச்சு. இனி எப்பப் படம் எடுத்தாலும் தெரியும், அதனால எந்த டாக்டர்ட்ட போனாலும் முதல்லயே சொல்லிடுங்க."

முதல் தடவையே ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இவ்வளவு சுருங்கியிருக்காது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது என் மூச்சுக்கு ஓர் அளவு உண்டு. இடது பக்கம் நிறைந்த பிறகுதான் வலது பக்கம் நிறைகிறது. மாடிப்படி பதினான்கில் ஒன்பதாவதில் நிற்பேன். முன்பெல்லாம் ஒரு நாளை அதன் முடிவிலிருந்து பார்ப்பேன், மாலையில் என்ன எழுதப்போகிறோம் என்று. இப்போது காலை என்றால் காலை மட்டும். கிரேஸிடம் ஒருநாள், நீ என்ன ஜெபிக்கிறாய் என்று கேட்டேன். "எந்திரிச்சதும், இந்தா இருக்கேன்னு சொல்லுவேன். பொறவு காப்பி போடப் போயிருவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். பாட்டு தொடங்கும்போது நானும் எழுந்து பாடுகிறேன். இரண்டு அடிகள் வரும். மூன்றாவது அடியின் நடுவில் மூச்சு தீர்ந்துவிடும். முதலில் வெட்கமாக இருந்தது, உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன். நான் விட்ட இடத்தில் பாட்டு நிற்பதில்லை. கிரேஸ் பாடுகிறாள், முன்னால் எஸ்தர் பாடுகிறாள், தாசன் அண்ணாச்சி சுருதி சேராமல் சத்தமாகப் பாடுகிறார். வலது பக்கம் நிறையும்வரை கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நான்காவது அடியில் சேர்ந்துகொள்கிறேன்.